ஆற்றுத் திருவிழாவில் வாங்கிய பொம்மைகள்: பத்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் எதை வைத்துக்கொள்ளலாம்?

கெடிலக்கரை அம்மா (கடலூர்) கேட்கிறார்:

எங்கள் வீடு புதுப்பாளையத்தில். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்குப் பத்து மாதம். தை ஐந்தாம் நாள் அத்தை பேத்தியைத் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவுக்கு அழைத்துப் போனார்கள். சுருளிக்கிழங்கோடு ஒரு பை நிறையப் பொம்மைகளும் வீட்டுக்கு வந்தன. ஓலைக் கிலுகிலுப்பை, சாயம் பூசிய மண் சொப்பு, விளக்கெரியும் மோதிரம், தண்ணீரில் போட்டால் ஊறிப் பெரிதாகும் வண்ண உருண்டைகள் ஒரு பாக்கெட், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் காந்தக் குண்டுகள். அப்புறம் பேத்திக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பரணில் கிடந்த பல்லாங்குழியையும் இறக்கிவிட்டார்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத எதுவும் வீட்டில் வேண்டாம் என்கிறார் கணவர். "நாங்கள் மண்ணும் ஓலையும் புளியங்கொட்டையும் வைத்துதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? உங்கள் பிளாஸ்டிக்தான் விஷம்" என்கிறார் அத்தை. மகன் தவழ்கிறான், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. மகளுக்கோ அந்த உருண்டைகள் மேல் உயிர். இதற்கு நடுவில் நாத்தனார் உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். அத்தை மர நடைவண்டிதான் வேண்டும் என்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொம்மைக்கடைக்காரன் (திருப்பாப்புலியூர்):

முத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைக்கு உரிய தர விதி ஐ.எஸ். 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ இயங்குவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரைப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அதன் கீழே "சி.எம்./எல்." என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டால் எந்த நிறுவனம், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். எந்த நல்ல கடைக்காரரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மண் சொப்பில் முத்திரை இல்லை என்பதற்காக அதை விற்பது குற்றம் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. நம் பக்கத்து வில்லியனூர் சுடுமண் வேலைக்கு அந்தக் குறியீடு இருக்கிறது. கைத்தொழில் பிழைக்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் அந்தப் பொம்மை மேல் பூசிய சாயத்தை யாரும் சோதித்திருக்க வேண்டும் என்பதில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

அம்மா, நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். பழையது நல்லது, புதியது கெட்டது என்ற வாதம் எங்கள் வார்டில் செல்லாது. வெண்டிலேட்டர் இல்லாத நாளிலிருந்தே குழந்தைகளின் மூக்கிலிருந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் பக்கத்தில் வேர்க்கடலை எல்லார் வீட்டிலும் உண்டு. மூச்சுக்குழாயில் மாட்டிக்கொண்டு வருவதில் அதுதான் முன்னால் நிற்கும். "எங்களுக்கு என்ன ஆகிவிட்டது" என்று கேட்பவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். கேட்க வராத பிள்ளைகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். உங்கள் அத்தை மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் மோதிரத்தையும் காந்தத்தையும் உருண்டையையும் இன்றே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், இந்த மூன்றையும் பேச வேண்டியதே இல்லை.

மோதிரத்துக்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. விலை மலிவான மோதிரத்தில் மூடிக்குத் திருகாணியே இருக்காது, கீழே போட்டால் பேட்டரி தெறித்து ஓடும். அது உணவுக்குழாயில் தங்கினால் ஈரத்தில் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகும், சதையை வேகவைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரிய புண் ஆகிவிடலாம். பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் ஆபத்துதான். குழந்தை அழக்கூட அழாமல் எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு இருக்கும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளுவது, வாந்தி எடுக்க வைப்பது இரண்டும் கூடாது. கைக்கடிகாரம், சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று இந்தப் பேட்டரி வீடு முழுக்க இருக்கிறது. ஒரு முறை எல்லா அறையிலும் தேடிப் பாருங்கள்.

காந்தம் ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இரண்டு விழுங்கினால் கதை வேறு. குடலின் ஒரு மடிப்பில் ஒன்று, அடுத்த மடிப்பில் இன்னொன்று நின்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் நசுங்கும் குடல் ஓட்டையாகிவிடும்.

ஊறும் உருண்டை உலர்ந்திருக்கும்போது கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. உங்கள் மகள் கை தவறிக் கீழே விட்டால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது, தவழும் பிள்ளை கண்ணுக்குத்தான் தெரியும். வயிற்றுக்குள் போய் ஊறிக் குடலை அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. மகள் அழுவாள், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து ஊற்றி விளையாட விடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே இருந்து முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கிலுகிலுப்பை நல்ல பொருள். ஆனால் உள்ளே சத்தம் போடுவது கல்லோ விதையோதான். ஓலை பிரிய ஆரம்பித்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். எதைப் பற்றியும் சந்தேகம் வந்தால் அளவு பாருங்கள். சோதனைக் கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு ஆகாது. வீட்டில் டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய் போதும். அது கொஞ்சம் பெரியது, அதனால் நமக்கு இன்னும் பாதுகாப்பு.

இன்னொன்று. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் ஜலதோஷம் என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே ஏதோ இருக்கிறது. காதில் விதை போனால் தண்ணீரோ எண்ணெயோ ஊற்ற வேண்டாம். தண்ணீர் பட்டால் விதை ஊதிக்கொள்ளும்.

வில்லியனூர்க்காரன்:

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் எழுதுகிறேன். குழந்தைக்கு மண் சொப்பு வாங்கினால் சாயம் பூசாமல் சுட்டதை வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய தொட்டில், மரக்குதிரை யார் வீட்டிலாவது உரிந்துபோய் இருந்தால் பிள்ளை அதைக் கடிக்க விடாதீர்கள். மண் உடைந்தால் விளிம்பு கூர்மையாக இருக்கும், உடைந்ததை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

நடைவண்டி விஷயத்தில் நான் அத்தை கட்சி. அதைப் பிடித்துப் பிள்ளை தானாக எழுந்து நின்று, தானாகத் தள்ளுகிறது. வாக்கரில் உட்கார்ந்த பிள்ளை கால் நுனியால் உந்திக்கொண்டு கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்பங்கரைக்கோ போய்விடும். கனடாவில் 2004 முதல் வாக்கர் விற்கவே தடை.

கெடிலக்கரை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மூன்றையும் எடுத்துவிட்டேன், வீட்டில் பேட்டரி தேடும் வேலை கணவருக்கு. வாக்கரைத் திருப்பிக் கொடுத்தால் நாத்தனார் வருத்தப்படுவார், அதை நான் பேசிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தொண்டையில் ஏதாவது மாட்டிக்கொண்டால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? அப்புறம் பல்லாங்குழி? அத்தை ஆசையோடு இறக்கியது, மகளும் ஆடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதையும் பரணில் ஏற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:

குழந்தை பலமாக இருமினால் இருமவே விடுங்கள். சத்தம் வரவில்லை, மூச்சு வரவில்லை என்றால் முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை விட்டுத் துழாவவும் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். முடிந்தால் ஒரு முதலுதவிப் பயிற்சிக்குப் போய்ப் பொம்மை மேல் செய்து பழகிவிடுங்கள். படித்தது வேறு, கை பழகியது வேறு.

பல்லாங்குழியைப் பரணில் ஏற்ற வேண்டாம். அத்தையும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டு ஆடும் ஆட்டத்தை எந்தக் கடையில் வாங்க முடியும்? சின்னவன் தூங்கும்போதோ, நீங்கள் வேறு அறையில் அவனை வைத்திருக்கும்போதோ, கதவைச் சாத்திக்கொண்டு ஆடட்டும். குழிக்கு ஐந்து வைத்து ஆடினால் 14 குழிக்கு 70 கொட்டை. ஆட்டம் முடிந்ததும் உங்கள் மகளே எண்ணி மூடி போட்ட டப்பாவில் போடட்டும். 69 வந்தால் கதவைத் திறக்காமல் பாயை உதறி, அலமாரி அடியில் விளக்கடித்துப் பார்த்து, அந்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு தம்பியை உள்ளே விடச் சொல்லுங்கள்.