பூச்சிக்கு ஒரு சொல், மரத்துக்கு ஒரு சொல்

[மொழிபெயர்ப்பாளர்]
அனைவருக்கும் வணக்கம். அவகாடோ, சீத்தா, அத்தி ஆகியவற்றுக்கான தோட்டக் கைநூல் தமிழாகிறது; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூலத்தில் 'பாலினேட்டர்' என்பது பூவின் தாதை, அதாவது மகரந்தத்தைச் சுமந்து செல்லும் பூச்சி. 'பாலினைசர்' என்பது தாது கிடைப்பதற்காக இடையிடையே நடும் வேறு ரக மரம். முதல் வரைவில் இரண்டுமே 'மகரந்தச் சேர்க்கையாளர்' ஆகிவிட்டன. "மூன்றாம் வரிசைதோறும் மூன்றாவது இடத்தில் ஒரு மகரந்தச் சேர்க்கையாளர்" என்று ஒரு வரி. "பத்தில் ஒரு பங்கு பூ விரிந்ததும் மகரந்தச் சேர்க்கையாளரைத் தோட்டத்துக்குள் கொண்டுவருக" என்று அடுத்த வரி. முன்னது மரம், பின்னது தேனீப்பெட்டி. படிப்பவர் ஒன்பது மரத்துக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டால் குற்றம் அவருடையதல்ல. இரண்டு சொல் வேண்டும், விரைவாக.

[தாவரவியல் ஆசிரியர்]
பிரித்தே ஆக வேண்டும். அவகாடோவில் இது வெறும் சொல் சிக்கல் இல்லை. பூ விரியும் நேரத்தைக் கொண்டு அவகாடோ ரகங்கள் ஏ, பி என இரு வகை. ஏ வகைப் பூ முதல் நாள் காலையில் பெண்ணாக விரிந்து நண்பகலையொட்டி மூடும். மறுநாள் பிற்பகலில் ஆணாக மீண்டும் விரியும். பி வகை முதல் நாள் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஹாஸ் என்னும் ரகம் ஏ வகை; ஃபுவர்ட்டே, எட்டிங்கர், சுட்டானோ ரகங்கள் பி வகை. ஹாஸின் சூல்முடி, அதாவது தாதை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனி, காலையில் தயாராக இருக்கும்போது தாது உதிர்வது பி வகை மரத்தில்தான். குளிர் கூடினால் இந்த நேரமெல்லாம் பிந்திக் குழம்பும் என்பது தனி அத்தியாயம்.

ஒரு வேண்டுகோள்: பாலினைசரை 'ஆண்மரம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பேரீச்சையில் அது சரி, அங்கே ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். அவகாடோவில் எல்லா மரமும் இருபால் பூ பூக்கும், எல்லா மரமும் காய்க்கும். ஆண்மரம் என்று படித்தவர் அது காய்க்காது என்று எண்ணி வெட்டுவார், இல்லையேல் அதன்மேலும் ஹாஸ் ஒட்டுக் கட்டுவார்.

[தனித்தமிழ் அன்பர்]
மகரந்தத்தையே முதலில் விட்டுவிடுவோம். வடமொழியில் மகரந்தம் என்பது பூவின் தேன். பூந்துகளுக்கு அங்கே பராகம் என்று வேறு சொல் இருக்கிறது. பிறமொழிச் சொல்லை வாங்கினோம், அதையும் பொருள் மாற்றி வாங்கினோம். நமக்குத் 'தாது' உண்டு, 'கொங்கு' உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டி வருவது 'தாதுண் பறவை' கலங்கக் கூடாது என்பதற்காக. அங்கே பறவை என்றது வண்டை. ஆகவே பூச்சிக்குத் 'தாதுண்ணி'. மரத்துக்குத் 'தாதுதரு'. தருகின்ற என்றும் பொருள், மரம் என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகின்றன.

[பூச்சியியலாளர்]
ஐயா, பாட்டு அருமை. ஆனால் தாதுண்ணி கைநூலுக்கு ஆகாது. உண்பது வேறு, கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. அவகாடோவிலேயே பாருங்கள். தாது மட்டும் திரட்டும் தேனீ ஆண்நிலைப் பூக்களிலேயே சுற்றும். பெண்நிலைப் பூவில் அதற்குக் கிடைக்க ஒன்றுமில்லை. தேன் தேடும் தேனீதான் இரு நிலைப் பூக்களுக்கும் போகும், ஏனென்றால் இரண்டிலும் தேன் சுரக்கும். உங்கள் சொல்லுக்குப் பொருந்தும் தேனீயால் காய் பிடிக்காது. பொருந்தாத தேனீயால்தான் பிடிக்கும்.

தேனீ ஒன்றே என்று எண்ணுவதையும் கைநூல் விட வேண்டும். அவகாடோவின் தாயகமான நடு அமெரிக்காவுக்கு நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ பிற்காலத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே கொடுக்கில்லாத் தேனீக்களும் குளவிகளும் முன்பே அந்த வேலையைச் செய்துவந்தன. மாம்பூவுக்கு ஈக்கள் பெருந்துணை. சீத்தாக் குடும்பத்தில் சதைப்பற்றான இதழ்களுக்குள் நுழையும் சிறு சாறுண்ணி வண்டுகள்.

[பள்ளி ஆசிரியர்]
மகரந்தத்தை எடுத்துவிட்டால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? மகரந்தத்தாள், மகரந்தப்பை, அயல் மகரந்தச் சேர்க்கை என்று பாடநூல் முழுக்க அந்தச் சொல்தான். அதோடு இதே கைநூலின் உர அத்தியாயத்தில் 'தாது உப்பு' வருமே! "தாதுப் பற்றாக்குறையால் காய் பிடிக்கவில்லை" என்று படிப்பவர் போரான் தெளிப்பதா, மரம் நடுவதா?

[தனித்தமிழ் அன்பர்]
பூந்தாது என்றால் குழப்பம் தீர்ந்தது. தாதுண்ணியை விட்டுக்கொடுக்கிறேன். 'தும்பி' என்று பொதுப்பெயராக வைக்கலாமே? கொங்கு தேர்வதே அதன் வாழ்க்கை என்று குறுந்தொகை சொல்கிறது.

[பூச்சியியலாளர்]
இன்றைய வழக்கில் தும்பி என்றால் தட்டான். அது பூவுக்குத் தேன் தேடி வருவதில்லை, பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்பது. சுரும்பு, ஞிமிறு, வண்டு எல்லாவற்றிலும் இதே இடர். பழைய நூல்களில் தேனீக்கும் வண்டுக்கும் எல்லை தெளிவாக இல்லை. சீத்தாப் பகுதியில் வண்டு என்றால் வண்டு மட்டுமே என்று வாசகர் உறுதியாக அறிய வேண்டும்.

[இலக்கண ஆர்வலர்]
'சேர்ப்பி' போதும். இணைப்பி, நிரப்பி போல இகர ஈற்று வினைமுதற்பெயர், அதாவது செய்பவரைக் குறிக்கும் பெயர். ஏவலாகவும் ஒலிக்கும் என்பது உண்மை, ஆனால் 'மகரந்தச் சேர்ப்பி' என்ற தொடரில் யாரும் மயங்கமாட்டார். சேர்ப்பன் நெய்தல் தலைவனாயிற்றே என்று யாரேனும் கேட்கும் முன்: அது கடற்கரையைக் குறிக்கும் சேர்ப்பு, அதற்கு இங்கே இடமில்லை. 'தாதுதரு'வில் தருகின்ற என்ற பொருள் தமிழ். ஆனால் மரம் என்னும் பொருளில் தரு வடசொல். தனித்தமிழ் அன்பர் ஒரு காலை எங்கே ஊன்றுகிறார் என்று சொல்ல வேண்டும்.

[தனித்தமிழ் அன்பர்]
தா என்னும் வேரில்தான் ஊன்றுகிறேன். தருவதால் தரு. மேகத்தை மாரி என்றும், கொடுப்பதைக் கொடை என்றும்...

[தாவரவியல் ஆசிரியர்]
மாரியைப் பிறகு பார்ப்போம், வெள்ளி நெருங்குகிறது. அத்தியைக் கவனித்தீர்களா? ஸ்மிர்னா வகை அத்தி காய்க்க, காட்டத்தியின் காய்களைப் பறித்துப் பையிலிட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். அதிலிருந்து வெளிவரும் குளவி, தாதோடு ஸ்மிர்னாக் காயின் வாய்த்துளை வழியாக உள்ளே நுழையும். நுழையும்போதே சிறகு முறியும். கலிஃபோர்னியாவில் இந்தக் குளவி 1899இல் நிலைகொண்ட பிறகுதான் அந்த அத்தி அங்கே ஒழுங்காகக் காய்த்தது. பை அளவுக்கு மிஞ்சினால் பழம் வெடிக்கும். இங்கே தாது கொடுப்பதும் சுமப்பதும் ஒரே பையில் வருகின்றன; ஆனாலும் மரம் வேறு, குளவி வேறு. ஆகவே இரண்டு சொல் இங்கும் தாங்கும். வெளியே பூ காட்டாமல் காய்க்கும் மரத்துக்குக் 'கோளி' என்று நம் அகராதியில் சொல் இருப்பதையும் கைநூலில் சேர்த்தால் மகிழ்வேன்.

[பூச்சியியலாளர்]
சேர்ப்பி எனக்கு உகந்தது, கைவேலைக்கும் பொருந்துகிறது. செரிமோயா வகைச் சீத்தாவில் வண்டு போதாத இடத்தில் பிற்பகல் கடந்து ஆண்நிலைப் பூக்களிலிருந்து தாதை உதிர்த்துச் சிறு டப்பியில் குளிரில் வைத்து, மறுநாள் காலை பாதி விரிந்த பெண்நிலைப் பூவின் கூம்பு முழுக்கத் தூரிகையால் சுற்றித் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் பழம் அந்தப் பக்கம் மட்டும் பருத்துக் கோணலாகும். அங்கே சேர்ப்பி, தூரிகை பிடித்த ஆள்.

மூன்றாவது ஒரு சொல்லும் கேட்கிறேன். பூவுக்கு வரும் பூச்சியெல்லாம் சேர்ப்பி அல்ல. 'மலர்நாடி' என்று பொதுப்பெயர் வைத்து, சூல்முடியில் தாது வைத்ததை உறுதிசெய்தபின் மட்டும் சேர்ப்பி என்போம். சோதனை எளிது: விரியுமுன் பூங்கொத்துக்கு வலையுறை போடுங்கள், பெண்நிலையில் உறையை எடுத்து ஒரு பூச்சி ஒருமுறை வந்து போக விடுங்கள், அந்தச் சூல்முடியை நுண்ணோக்கியில் எண்ணுங்கள்.

[பள்ளி ஆசிரியர்]
நாடி என்றால் மாணவர் கையைப் பிடித்துத் துடிப்புப் பார்ப்பார்கள். 'பூவுக்கு வரும் பூச்சி' என்று விளக்கமாகவே எழுதலாமே.

[மொழிபெயர்ப்பாளர்]
இன்று மாலை பக்கம் கட்டுகிறார்கள். பூச்சிக்கு 'மகரந்தச் சேர்ப்பி' என்பதற்குப் பெரும்பாலோர் இசைவு. மரத்துக்குத் 'தாதுதரு' இருவருக்கு மட்டும் பிடித்திருக்கிறது, ஆகவே 'மகரந்தக் கொடைமரம்' என்று போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் "தாது கொடுக்க இடையில் நடும் வேறு ரக மரம்" என்ற விளக்கமும் இருக்கும். மலர்நாடியை விட்டு, பள்ளி ஆசிரியர் சொன்னபடி 'பூவுக்கு வரும் பூச்சி'. கோளி அத்திப் பகுதியில் ஒரு வரியாக இடம்பெறும்.

[பூச்சியியலாளர்]
கொடைமரம் சரி. மலர்நாடியை விட்டதில் உடன்பாடில்லை. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் "பூவுக்கு வரும் பூச்சி" என்று நீட்டி எழுத முடியாது. அச்சுக்கோப்பவர் 'பூச்சி' என்று சுருக்குவார், மருந்துத் தெளிப்புப் பக்கத்தில் அதுவே கொல்ல வேண்டிய பூச்சியாகிவிடும். அட்டவணையிலாவது மலர்நாடியை வைத்திருங்கள்.

[தனித்தமிழ் அன்பர்]
பூந்தாதுச் சேர்ப்பி, பூந்தாதுக் கொடைமரம். அடுத்த பதிப்பிலாவது மகரந்தத்தை மாற்றுங்கள். மாரி பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.