வுர்லிட்சர் 200ஏ: ப்ரீஆம்ப் டிரான்சிஸ்டருக்கு மாற்று எது?

கேள்வி:
வுர்லிட்சர் 200ஏ எலக்ட்ரிக் பியானோ, 117 வோல்ட் மாடல், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிறது. பத்து நிமிடம் சூடானதும் சொரசொரவென்று இரைச்சல், நடுநடுவே 'பட் பட்'. வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறது. ப்ரீஆம்பில் (பிக்கப்பின் சன்னமான சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள், கியூ1, கியூ2 மேல் உள்ள எண் அழிந்துவிட்டது. கையில் 2என்3904 டிரான்சிஸ்டர் இருக்கிறது, போடலாமா?

பதில் 1:
வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால்தான், பவர் ஆம்பைத் தொட வேண்டாம். ஆனால் டிரான்சிஸ்டர் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ரீடுக்கும் (அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) அதன் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்புக்கும் நடுவே தூசியோ சால்டர் துகளோ இருந்தாலும் இதே 'பட் பட்' வரும். பவரை அணைத்து, ரீட்கள் பொருத்திய ரீட் பாரிலிருந்து வரும் ஆர்சிஏ பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் ரீடைச் சுத்தம் செய்யுங்கள். நிற்காவிட்டால் கியூ1 பக்கம் பாருங்கள்.

ஜாக்கிரதை சார், பிக்கப்புக்கு 147 வோல்ட் டிசி போகிறது. அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

பதில் 2:
2என்3904 வேண்டாம். அதன் கெயின், அதாவது கரண்டைப் பெருக்கும் அளவு, 100 முதல் 300 என்று போட்டிருப்பது 10 மில்லி ஆம்பியரில். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். கியூ1 கலெக்டரில் 150 கிலோ ஓம், 15 வோல்ட் சப்ளை, ஆக ஓடுவது 0.07 மில்லி ஆம்பியர் அளவுதான். 0.1 மில்லி ஆம்பியரில் 3904க்கு உத்தரவாதம் வெறும் 40. பேஸ் பயாஸோ (பேஸுக்கு நிலையாகக் கொடுக்கும் வோல்டேஜ்) 2 மெகா ஓமும் 470 கிலோ ஓமும் பிரித்துக் கொடுப்பது. கெயின் குறைந்தால் பேஸ் கரண்ட் கூடி அந்த வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும்.

2என்5089 வாங்குங்கள்: 0.1 மில்லி ஆம்பியரிலேயே குறைந்தது 400, இரைச்சலும் குறைவு. இல்லையென்றால் 2என்5088, அல்லது எம்பிஎஸ்ஏ18. மூன்றுக்கும் கால் வரிசை ஒன்றே: தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்க, இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர்.

பிசி550சி சுலபமாகக் கிடைக்கும், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் கால் வரிசை தலைகீழ், திருப்பிப் போடுங்கள். கேஎஸ்சி1845இல் பேஸ் ஓரத்தில் இருப்பதால் இரண்டு காலைக் குறுக்கே வளைத்து, ஒன்றையொன்று தொடாதபடி ஸ்லீவ் மாட்ட வேண்டும். கொஞ்சம் விலை மலிவு என்று எங்கோ ஒரு பொட்டலம் வாங்காதீர்கள். மேலே எண்ணை மட்டும் அச்சடித்த போலிகள் நிறைய.

பதில் 1:
கூடவே கியூ1ஐச் சுற்றியுள்ள பழைய கார்பன் ரெசிஸ்டர்களையும், முக்கியமாக உள்ளீட்டில் இருக்கும் 22 கிலோ ஓமையும் அந்த 150 கிலோவையும், மெட்டல் ஃபிலிமாக மாற்றுங்கள். சொரசொரப்பில் பாதி அங்கிருந்து வருவதுண்டு. பழைய பாகங்களின் காலைக் கட்டர் வைத்து வெட்டி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். மொத்தமாகச் சூடாக்கி இழுத்தால் தாமிரத் தடம் கையோடு வந்துவிடும்.

கேட்டவர்:
ஆர்சிஏ பிளக்கைக் கழற்றியும் இரைச்சல் அப்படியே இருந்தது. பிசி550சி திருப்பிப் போட்டேன், இப்போது ஒலியே இல்லை! கியூ1 கலெக்டரில் 6 வோல்ட்டுக்கு மேல்.

பதில் 2:
அப்படியென்றால் கியூ1 ஓடவே இல்லை. அங்கே 4 வோல்ட் அளவு இருக்க வேண்டும், கியூ2 கலெக்டரில் ஏறக்குறைய 9. கியூ1 கலெக்டர் நேராகக் கியூ2 பேஸுக்குப் போவதால் ஒன்றின் வோல்டேஜ் தவறினால் இரண்டும் தவறும். கியூ1 பேஸில் எவ்வளவு? இரண்டரை வோல்ட் பக்கம் இருந்து எமிட்டரில் ஒன்றுமில்லையென்றால் எமிட்டர் கால் சரியாகப் பற்றவில்லை.

கேட்டவர்:
பேஸில் 2.7, எமிட்டரில் 0. எமிட்டர் சால்டர் ஆடியது. மறுபடி பற்றவைத்ததும் கலெக்டரில் 4.2, இரைச்சல் இல்லை.