தம்பியின் ஆப்ஷன் நஷ்டம்: செபியின் கட்டுப்பாடு சிறியவனைக் காப்பாற்றுகிறதா, ஒதுக்குகிறதா?

பாலக்கோடு தோட்டக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி வைக்கிற குடும்பம் எங்களுடையது. தம்பிக்கு 26 வயது. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 22,000. ஒன்றரை வருடமாக நிஃப்டி ஆப்ஷன் (பங்குச்சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஒப்பந்தம்) வாங்கி விற்றிருக்கிறான். 3,80,000 ரூபாய் போய்விட்டது என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் ஐந்து பவுன் செயினை அடகு வைத்த பணமும் அதில் சேர்த்தி. அம்மா கேட்டபோதெல்லாம் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறான்.

இப்போது, "வாங்கினதாலதான் நஷ்டம், இனிமே ஆப்ஷனை விக்கப் போறேன், ரெண்டு கறவை மாட்டையும் வித்துக் குடு" என்கிறான். வரியைக் கூட்டி, லாட்டை (ஒரு முறை எடுக்க வேண்டிய குறைந்தபட்ச அளவை) பெரிதாக்கி, அரசாங்கம்தான் தங்களை அழித்தது என்றும் சொல்கிறான். அது உண்மையா? மாட்டை விற்கலாமா?

ஊத்தங்கரை வாத்தியார்

தம்பி, மாட்டை மட்டும் விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ எனும் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மூன்று வருடத்தில் மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர் நூற்றுக்கு ஒருவர்தான். இன்னொன்றும் அதில் இருக்கிறது, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி வணிகம் செய்தவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் முதல் 30 பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே. அதாவது நம் ஊர்ப் பிள்ளைகள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்

ஐயா சொல்லும் புள்ளிவிவரம் சரி. அதிலிருந்து வரும் முடிவைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து வருடமாக ஆப்ஷன் விற்கிறேன். இரண்டு வருடம் நஷ்டம், மூன்று வருடம் லாபம். பெரிய லாபம் இல்லை, ஆனால் லாபம்.

தோட்டக்காரரே, உங்களையே கேட்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதே தக்காளியைப் பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்ட வருடங்களும் உங்களுக்கு உண்டு. ஏக்கருக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு ராயக்கோட்டை மண்டியில் என்ன விலை போகும் என்று தெரியாமல்தான் நாற்று நடுகிறீர்கள். அதை யாரும் சூதாட்டம் என்று சொல்வதில்லை. தக்காளி நட ஐந்து ஏக்கராவது வேண்டும் என்று யாரும் சட்டம் போடுவதுமில்லை.

செபி செய்தது அதைத்தான். 2024 நவம்பரிலிருந்து ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்றார்கள். 25 ஆக இருந்த நிஃப்டி லாட் 75 ஆனது. சிறியதாக ஒன்று எடுத்துப் பழகலாம் என்றிருந்தவன் அப்போது மூன்று மடங்கு எடுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் வெளியே போக வேண்டியிருந்தது. பணம் இருப்பவனுக்கு இதனால் எந்தச் சிரமமும் இல்லை.

காவேரிப்பட்டணம் மண்டி

தக்காளியை இதில் இழுக்காதீர்கள் தம்பி. நாற்பது வருடம் மாங்காய் வியாபாரம் பார்த்தவன் நான். விலை விழுந்தாலும் பழம் இருக்கிறது. யாரோ தின்கிறார்கள், கூழ் ஆலைக்குப் போகிறது, ஒன்றுமில்லாவிட்டால் மாட்டுக்காவது போகிறது. வாராந்திர ஆப்ஷன் முடிகிற எக்ஸ்பைரி நாளில் மாலை மூன்றரைக்கு என்ன ஆகிறது? ஒருவன் விட்டது இன்னொருவன் கைக்குப் போகிறது. நடுவில் தரகரும் எக்ஸ்சேஞ்சும் அரசாங்கமும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். உற்பத்தி என்று ஒன்றும் இல்லை.

2025-ல் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்ததே, நினைவிருக்கும். கர்நாடகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாயை விலையாக வைத்து வித்தியாசத் தொகை அறிவித்தது. ஆந்திராவில் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 பேசினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். சந்தைக் கொள்கை என்று பேச வந்தால் முதலில் இதைப் பேசுங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்

அண்ணா, அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். விலை விழும் பயத்துக்கு மருந்தாக, விலையை முன்கூட்டியே பேசி வைக்க உண்டானதுதான் ஃபியூச்சரும் ஆப்ஷனும். நெல், கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, கச்சா பாமாயில் இந்த ஏழிலும் ஃபியூச்சர் வணிகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்திவைத்தது. ஒரு வருடம் என்று சொல்லித் தொடங்கியதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். விவசாயிக்கும் மண்டிக்கும் பயன்படக்கூடிய இடத்தில் கதவைச் சாத்துவது, நிஃப்டியில் சிறியவனுக்கு லாட்டைப் பெரிதாக்குவது. இரண்டிலும் அடி சிறியவனுக்குத்தான்.

பெரியவர்கள் பக்கம் என்ன நடந்தது? ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் எக்ஸ்பைரி நாட்களில் குறியீட்டை வளைத்ததாகக் குற்றம் சாட்டி, 4,843 கோடியைக் கட்டச் சொல்லி 2025 ஜூலையில் செபியே உத்தரவு போட்டது. அவர்கள் மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், சரி. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு 2023-லிருந்து நடந்த வணிகத்தைப் பற்றியது. அத்தனை நாள் யாரைக் கண்காணித்தார்கள்?

ஊத்தங்கரை வாத்தியார்

இந்தக் கேள்வி நியாயமானது. எனக்கும் அதே கோபம் உண்டு. ஆனால் அது உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கவில்லையே தம்பி. 2023-24-ல் எஃப் அண்ட் ஓ-வில் தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் பார்த்த லாபம் சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பார்த்தது சுமார் 28,000 கோடி. அதில் பெரும்பங்கு கணினி தானாகப் போடும் ஆர்டர்களில் வந்தது. எதிரில் இருப்பவன் அப்படிப்பட்டவன் என்று தெரிந்த பிறகும், ஷிப்ட் இடைவேளையில் கேன்டீன் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் அவனோடு மோதலாம் என்கிறீர்களா?

கட்டுப்பாட்டுக்குப் பிறகும் நஷ்டம் குறையவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2024-25-ல் தனிநபர் நஷ்டம் 1.05 லட்சம் கோடி, முந்தைய வருடத்தைவிட 41 சதவீதம் கூடுதல். அந்த வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் புது விதிகள் அமலுக்கு வந்திருக்கவில்லை. கட்டுப்பாடு தாமதமாக வந்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பென்னாகரம் ரோடு கணக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தோட்டக்காரரின் தம்பி வரியைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஆப்ஷன் விற்கும்போது பிடிக்கும் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி 2024 அக்டோபர் 1 முதல் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலையில்) 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதம் ஆனது. பிரீமியம் 100 ரூபாய், லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்கிறான். அந்த விகிதத்தில் எஸ்டிடி ஏழரை ரூபாய். முன்பாக இருந்தால் நாலே முக்கால். தரகு வாங்கும்போது 20, விற்கும்போது 20. ஜிஎஸ்டி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத்தாள் எல்லாம் சேர்த்தால் ஒரு முறை வாங்கி விற்கச் சுமார் 60 ரூபாய். ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற நிலையில் இது.

நாளைக்குப் பத்து முறை, மாதம் இருபது நாள் என்றால் 12,000 ரூபாய். 22,000 சம்பளத்தில்! வரி ஏறியதால் கூடியது அதில் 550 ரூபாய்தான். அழித்தது வரி இல்லை, பத்து முறை.

ஓசூர் நைட் ஷிப்ட்

இந்தக் கணக்கை மறுக்க மாட்டேன். நான் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொடுவதே இல்லை.

தோட்டக்காரரே, என் வாதம் கட்டுப்பாட்டைப் பற்றியது. உங்கள் தம்பிக்கு மாட்டை விற்றுக் கொடுங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வாங்குபவனுக்குப் போட்ட பிரீமியம்தான் போகும். விற்பவனுக்கு அந்த எல்லை கிடையாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள், நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி விழுந்தது. முந்தின நாள்தான் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அன்று புட் (சந்தை விழுந்தால் வாங்கியவனுக்கு லாபம் தரும் ஆப்ஷன்) விற்று வைத்திருந்தேன். கீழே பாதுகாப்புக்கு இன்னொரு புட் வாங்கியிருந்ததால் தப்பித்தேன். அப்படியும் ஒன்பது மாத லாபம் மதியத்துக்குள் போய்விட்டது. என்னோடு அறையில் இருந்தவர் பாதுகாப்பு வாங்கவில்லை. பைக்கை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். விட்டதைப் பிடிக்க வருகிறவன் விற்கும் பக்கம் வரவே கூடாது.

காவேரிப்பட்டணம் மண்டி

சந்தையே வேண்டாம் என்பவன் இல்லை நான். ஓசூர் டைட்டன் 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது. டிட்கோ கையில் இன்றும் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. இத்தனை வருடம் அசையாமல் வைத்திருந்ததால்தான் அது இவ்வளவு பெரிய சொத்து. பையன் மாதம் இரண்டாயிரம் போட்டு நல்ல பங்கை வாங்கி வைக்கட்டுமே.

ஓசூர் நைட் ஷிப்ட்

பக்கத்தில் ஆலை இருக்கிறது என்பதற்காகப் பங்கை வாங்க முடியாது அண்ணா. போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளியானது. அதே மாதம் 157-ஐத் தொட்டது. அடுத்த ஜூலையில் 40 பக்கம் வந்துவிட்டது. தனிப்பங்கும் அவனுக்கு வேண்டாம். குறியீட்டில் உள்ள எல்லாப் பங்கையும் சேர்த்து வாங்கும் ஃபண்டில் மாதாமாதம் (எஸ்ஐபி) போடட்டும், அதுவும் நகையை மீட்ட பிறகு.

ஊத்தங்கரை வாத்தியார்

கடைசியில் நானும் நீங்களும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம். லாட் விஷயத்தில் மட்டும் ஒத்துவரவில்லை. பதினைந்து லட்சம் என்ற வேலி இன்னும் முன்பே வந்திருந்தால் அந்த ஐந்து பவுன் வீட்டில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்

வேலி போடுவதாக இருந்தால் பணத்தை வைத்துப் போடாதீர்கள், ஒரு தேர்வு வைத்துப் போடுங்கள் ஐயா. லட்சங்கள் வைத்திருக்கும் முட்டாளை உள்ளே விட்டு, படித்துத் தயாரானவனை வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதில் நான் மாறப்போவதில்லை.

பாலக்கோடு தோட்டக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியைத் திண்ணையில் உட்கார வைத்து, தரகர் செயலியிலிருந்து ஒன்றரை வருட லாப நஷ்டக் கணக்கை இறக்கிப் பார்த்தோம். நான் படிக்கப் படிக்க அவனே பழைய சீட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினான். கட்டணம் மட்டும் 1,46,000. அதைக் கூட்டி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். காலையில் மாட்டைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மாவிடம் செயின் விஷயத்தை அவனே சொல்லிவிட்டான்.

இன்னொன்று மட்டும் கேட்க வேண்டும். இந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுவதால் ஏதாவது பயன் உண்டா?

பென்னாகரம் ரோடு கணக்கு

உண்டு. எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டம், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் எட்டு வருடம் வரை எடுத்துப்போய், பிற்பாடு வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம். கெடு தாண்டினால் அந்த உரிமை போய்விடும். அந்த லாப நஷ்டக் கணக்கு, வங்கி பாஸ்புக், அடகுச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள். தம்பியையும் கூடவே அழைத்துப் போங்கள்.