நாற்பது நிமிஷம் ஒரு சின்ன கூபே (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) ஓட்டினேன், மனசு அங்கேயே நிற்கிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது?

நீள்சாலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டு வருஷமாகப் பெரிய செடான்தான் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது ஆறு சிலிண்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் இதற்கு ஈடு கிடையாது என்பது என் எண்ணம். அடுத்த வண்டியும் இதே மாதிரி, பவர் மட்டும் கொஞ்சம் கூட, என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

போன மாதம் என் மச்சான் தன்னுடைய போர்ஷே கேமன் எஸ்ஸின் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு தடவை மேலே போய்விட்டு வாங்க" என்றார். 987 தலைமுறை, 3.4 லிட்டர், மேனுவல். மலைப்பாதையில் ஏறி இறங்க நாற்பது நிமிஷம் ஆனது. விடிகாலை, எதிரே ஒரு வண்டி இல்லை. நான் வேகமாகக்கூட ஓட்டவில்லை. பெரும்பாலும் 50, 60 கிலோமீட்டர்தான். ஆனால் இறங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கை லேசாக நடுங்கியது. பயம் எதுவும் இல்லை. அப்படி ஒரு காலை எனக்குக் கிடைத்து ரொம்ப நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

தாளில் எழுதிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. என் டீசலின் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை, 600 நியூட்டன் மீட்டருக்கு மேல், கேமனுக்கு 340. என் வண்டியில் ஐந்து பேர் சாய்ந்து உட்காரலாம், அதில் இரண்டே பேர். வீட்டில் பேச்சை எடுத்தேன். என் மனைவி கோபப்படவில்லை. "அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன நடந்தது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க" என்றாள். இரண்டு வாரமாக யோசிக்கிறேன், வாயில் வார்த்தை வரவில்லை.

ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள். இது புது வண்டி மயக்கமா, ஆறு மாதத்தில் தெளிந்துவிடுமா? இல்லை, உண்மையிலேயே அதில் ஏதோ இருக்கிறதா?

மூன்றாவது கியர் எழுதியது:

நீள்சாலை, அதே 987 எஸ்ஸை ஏழு வருஷம் ஓட்டியவன் நான். விற்று மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அதன் கியர் குமிழ் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடையில் ஆரம்பிப்போம். 987 எஸ் சுமார் 1,340 கிலோ. உங்கள் மாதிரி செடான் ஆள் ஏறாமலே 1,800 கிலோவை ஒட்டி நிற்கும். அதாவது நீங்கள் தனியாகப் போகும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஆறு பேர் உங்களோடு வருகிறார்கள். நேர் ரோட்டில் 600 நியூட்டன் மீட்டர் அந்த ஆறு பேரை மறக்கடித்துவிடும். பிரேக்கை மிதிக்கும்போதும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதும்தான் அவர்கள் இருப்பது தெரியும்.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம். ஒரு குடம் தண்ணீரை முன்னால் கை நீட்டித் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் நின்ற பிறகும் குடம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினால் உடம்பும் குடமும் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக நிற்கும். செடானில் எஞ்சின் முன் சக்கரத்தின் மேல், நீட்டிய கையில் இருக்கும் குடம். கேமனில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்கு முன்னால். இடுப்புக் குடம். உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் பிடிபடும்.

அடுத்தது ஸ்டியரிங். 987இல் இருப்பது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் உதவுவது. அதற்குப் பின் வந்த 981இல் இருந்து மின்மோட்டார் வைத்தது. அதுவும் நல்ல ஸ்டியரிங்தான், ஆனால் ஹைட்ராலிக் சொல்லும் சின்னச் சின்னச் செய்திகள் அதில் கொஞ்சம் வடிந்துவிடுகின்றன. நான் அடிக்கடி போகும் பாதையில் ஒரு இடது வளைவு உண்டு. வளைவின் நடுவில் தார் ரோடும் ஒரு சின்னப் பாலத்தின் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. முதலில் வலது முன் டயர் அதைக் கடக்கும், உடனே இடது டயர். இரண்டையும் தனித்தனியாக, வலது உள்ளங்கையில் ஒரு தட்டு, இடது உள்ளங்கையில் ஒரு தட்டு என்று எண்ணிவிடலாம். மழை பெய்திருந்தால் அந்தத் தட்டு மழுங்கி வரும். ரோடு ஈரம் என்பதைக் கண் பார்ப்பதற்கு முன் கை சொல்லிவிடும். இது நடப்பது 50 கிலோமீட்டர் வேகத்தில்.

அதே வளைவுக்குள் பிரேக்கோடு நுழைவேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து முன் டயர்கள் ரோட்டை அழுத்திக் கவ்வும். அப்போது பிரேக்கைச் சட்டென்று விடக் கூடாது. பட்டத்துக்கு நூல் விடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விடுகிற அளவுக்கு மூக்கு உள்ளே திரும்பும். கால் கட்டைவிரல் ஒன்றை வைத்தே வண்டியின் பாதையை ஒரு சாண் உள்ளே, ஒரு சாண் வெளியே நகர்த்தலாம். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்தால் பின்பக்கம் குந்தும், இடுப்புக்குக் கீழே அது தெரியும். ஸ்டியரிங், பிரேக், கியர், கால் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன, அந்த வேலையைச் செய்வது நீங்கள். உங்கள் கை நடுங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். செடானில் நீங்கள் வேகத்தைக் கேட்கிறீர்கள், வண்டி கொடுக்கிறது. இதில் கேட்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். போர்ஷே இந்த வரிசைக்கு வைத்த கியர்கள் நீளம், ஒவ்வொன்றும் ரொம்ப வேகம் வரை இழுக்கும். 4 லிட்டர் 718 கேமன் ஜிடி4இல் இரண்டாவது கியரே 130 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். நிமிஷத்துக்கு 8,000 சுற்று (ஆர்பிஎம்) வரை சுழலும் அப்படி ஓர் எஞ்சினை வைத்துக்கொண்டு பொது ரோட்டில் இரண்டாவது கியரைக்கூட முழுசாக அனுபவிக்க முடியாது. எனக்கு அது மனவருத்தம்தான்.

ஆறு மாதத்தில் தெளியுமா என்று கேட்டீர்கள். எனக்கு ஏழு வருஷத்தில் தெளியவில்லை.

பின்சக்கரம் எழுதியது:

மூன்றாவது கியர் அண்ணே, குடம் உதாரணம் அருமை. ஆனால் எஞ்சின் நடுவில் இருந்தால்தான் ரசனை என்கிற மாதிரி முடிந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிஎம்டபிள்யூ எம்2 ஓட்டுகிறேன், 2016இல் வந்த எஃப்87, 370 குதிரைத்திறன், மேனுவல். முன்னால் எஞ்சின், பின்னால் விசை. இதன் அண்ணன் 2011இல் வந்த 1 சீரிஸ் எம் கூபே. சின்ன உடம்புக்குள், அதைவிடப் பெரிய பிஎம்டபிள்யூவான எம்3இன் ஆக்ஸில்களைத் திணித்து, சக்கர வளைவுகளை அகலப்படுத்தி, 340 குதிரைத்திறன் ஆறு சிலிண்டரும் ஆறு கியர் மேனுவலும் கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக் வாங்கவே முடியாது. மொத்தம் 6,309 வண்டிகள்தான் செய்தார்கள்.

என் எம்2இல் நீங்கள் நீண்ட பானெட்டை முன்னால் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து ஒரு கை உங்களைத் தள்ளிவிடும். கேமனின் சுகம் வளைவுக்குள் நுழைவதில் என்றால் இதன் சுகம் வெளியே வருவதில். பின்னால் இரண்டு சீட் உண்டு. என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் கேள்வி வந்தால் இதையும் சொல்லுங்கள்.

புது எம்2, அதாவது ஜி87, 460 குதிரைத்திறனோடு வந்தது. எடை 1,700 கிலோவைத் தாண்டிவிட்டது. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் சின்ன கூபே என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஈரச்சாலை எழுதியது:

நீள்சாலை அண்ணா, பெரிய பெயர்களுக்கு நடுவில் டொயோட்டா 86ஐ யாரும் சொல்லவில்லையே. ஐந்து வருஷமாக முதல் தலைமுறை ஜிடி86 வைத்திருக்கிறேன். 2 லிட்டர், 200 குதிரைத்திறன், 1,240 கிலோ சுமார். எண்களைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். படுத்த வாக்கில் இருக்கும் நாலு சிலிண்டர் எஞ்சின் என்பதால் கனம் எல்லாம் தரைக்குப் பக்கத்தில்.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் டயர். கம்பெனி கொடுத்தது வெறும் 215 அகலம், அதுவும் சாதாரணக் கார்களுக்குப் போடும் வகை. வேண்டுமென்றேதான் அப்படிக் கொடுத்தார்கள். பிடி குறைவாக இருப்பதால் வண்டி வழுக்க ஆரம்பிப்பது குறைந்த வேகத்தில், அதுவும் மெதுவாக, சொல்லிவிட்டு. தண்ணீர் தெளித்த பயிற்சித் தளத்தில் நாள் முழுக்கச் சுற்றினேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் விலகும், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் கொடுத்தால் திரும்பி வரும். முதல் பத்துத் தடவை சுழன்று நின்றேன். மதியத்துக்கு மேல் ஒரு முழு வட்டம் வழுக்கிக்கொண்டே சுற்றி முடித்தேன். ஓட்டத் தெரியும் என்று பதினைந்து வருஷமாக நினைத்திருந்த எனக்கு, கார் என்ன செய்கிறது என்பது அன்றைக்குத்தான் உடம்பில் இறங்கியது. அதற்குப் பிறகு மழையில் ஓட்டும்போது என் தோள்கள் இறுகுவதில்லை.

முதல் தலைமுறையில் நடு ஆர்பிஎம்மில் டார்க் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். 2021இல் வந்த ஜிஆர்86இல் 2.4 லிட்டர் எஞ்சின் வைத்து அதைச் சரி செய்துவிட்டார்கள், 250 நியூட்டன் மீட்டர் 3,700லேயே கிடைக்கிறது. முதல் தடவை இந்த உலகத்துக்குள் வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்பேனர் எழுதியது:

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. இந்த வகை வண்டிகள் ரொம்ப நாள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். டயரில் பூ (மேலே வெட்டியிருக்கும் பள்ளங்கள்) நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்திருக்கும். அதே மாதிரி சஸ்பென்ஷன் புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர். அது வெடித்திருந்தால் மேலே அண்ணன் எழுதிய அந்த உள்ளங்கைத் தட்டு எதுவும் வராது. ஓட்டிப் பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லையே" என்று திரும்பிவிடுவீர்கள். புஷ்ஷை மாற்றி, சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரியாக வைத்தால் அதே வண்டிக்கு உயிர் வந்துவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாமான் வைக்கிற கவலை இருந்தால்: 987 கேமனில் பானெட்டுக்குக் கீழே 150 லிட்டர் இடம், பின்கதவைத் திறந்தால் இன்னும் 260. இரண்டு பேர் ஒரு வாரம் ஊருக்குப் போய் வரலாம்.

நீள்சாலை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குடத்துக் கதையை அப்படியே என் மனைவியிடம் சொன்னேன். சமையலறையில் நிஜமாகவே ஒரு குடத்தைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். கை நீட்டி ஒரு தடவை, இடுப்பில் வைத்து ஒரு தடவை. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போது, "அந்த வண்டியை நான் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் என்னைவிட நிதானமாக, நன்றாக ஓட்டுவாள். மேனுவல் விட்டுத்தான் எட்டு வருஷம் ஆகிறது. மச்சானிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலை.

ஒரு கேள்வி. ஆல்பைன் ஏ110 பற்றியும் கேள்விப்பட்டேன். அதையும் பார்க்கலாமா?

மூன்றாவது கியர் எழுதியது:

ரொம்ப சந்தோஷம். ஏ110ஐக் கட்டாயம் பாருங்கள். 2017இல் வந்தது, அலுமினிய உடம்பு, எஞ்சின் நடுவில், எடை 1,100 கிலோதான். 1.8 லிட்டர் டர்போவில் 252 குதிரைத்திறன் அதற்குத் தாராளம். மெத்தென்ற சஸ்பென்ஷன், மேடு பள்ளத்தில் கடுக்காது. ஆனால் க்ளட்ச் பெடல் இல்லாத இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸ் மட்டும்தான், மேனுவல் கிடையாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும், உங்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு விஷயம். உங்கள் மனைவி சீட்டைத் தன் உயரத்துக்கு முழுசாகச் சரி செய்த பிறகே கிளம்புங்கள். க்ளட்சை அடிவரை மிதித்தால் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். அப்புறம் முதல் பத்து நிமிஷம் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். கியர் ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் தயங்கும், அழுத்தித் தள்ளாமல் ஒரு மூச்சு காத்திருந்தால் தானாக உள்ளே போய் உட்காரும். அதுவரை நீங்கள் பக்கத்து சீட்டில் பேசாமல் இருங்கள். அந்த எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதை அவர் கேட்கட்டும்.