எட்டு மாசப் பாப்பாவுக்கு சளி, நெஞ்சுல கர்கர்னு சத்தம். தைலம் தேய்க்கலாமா?

லைன்வீட்டு அம்மா, கோத்தகிரி:
பாப்பா எட்டு மாசம், எட்டு கிலோ. மூணு நாளா மூக்கு ஒழுகுது. சாயங்காலத்துல இருந்து காய்ச்சல், 101 காட்டுது. தூங்கறப்ப கர்கர்னு சத்தம். பாலுக்கு வாய் வச்சா மூக்கடைச்சு விட்டுட்டு அழறா. நீலகிரித் தைலம் மூக்குல ஒரு சொட்டு விட்டு, நெஞ்சுலயும் தேய்க்கணும்னு அத்தை சொல்றாங்க. அவங்க பிள்ளைங்களை அப்படித்தான் வளர்த்தாங்களாம். குளிருக்கு ரூமுக்குள்ள கரிக் கணப்பு வச்சிருக்கோம். வெளியே ஒரே மூட்டம், டவுனுக்கு பஸ் இனி காலையிலதான். என்ன பண்ணட்டும்?

ரிட்டயர்டு சிஸ்டர், குன்னூர்:
கண்ணு, முதல்ல அந்தக் கணப்பை வெளியே எடுத்து வை. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விடு. மீதியை அப்புறம் படி. மூடின ரூமுல கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நெறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூங்கறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க.

தைலம் மூக்குலயும் வேண்டாம், நெஞ்சுலயும் வேண்டாம். நான் பிள்ளைங்க வார்டுல இருந்தப்ப, மூக்குல தைலம் விட்ட ஒரு குழந்தையை வலிப்போட தூக்கிட்டு வந்தாங்க. அந்தப் பாட்டியோட விரல்ல தைல வாசம் அப்பவும் போகல. பாசத்துலதான் பண்ணியிருந்தாங்க, எதைச் சொல்லித் தேத்தறதுன்னே எனக்குத் தெரியல. உங்க அத்தைகிட்ட பொறுமையா சொல்லு.

மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல சலைன் சொட்டு மருந்து கிடைக்கும். பால் குடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சொட்டு. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பால் குடு. ஒரு வயசு ஆகல, தேன் நாக்குல தடவக்கூடாது.

இப்ப முக்கியமானது. பாப்பா அசந்து தூங்கறப்ப சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. அரை நிமிஷம் எண்ணிப் பெருக்காதே, குழந்தை மூச்சு சீரா இருக்காது. ரெண்டு மாசம் முடிஞ்சு ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு 50-ம் அதுக்கு மேலயும் போனா வேகமான மூச்சு, நிமோனியாவா இருக்கலாம். மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழே குழி விழுதான்னும் பாரு. குழி விழுந்தாலோ, பாலே குடிக்க முடியலன்னாலோ, குடிச்சதெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ பஸ்ஸை நம்பாதே, 108-க்குப் போடு.

ரெண்டு பிள்ளை அப்பா, கொடைக்கானல்:
காய்ச்சல் மருந்து குடுக்கறதுன்னா பாட்டிலைப் படிச்சுட்டுக் குடுங்க. பாராசிட்டமால் ட்ராப்ஸ்னா 1 மில்லியில 100 மி.கி. இருக்கும். சிரப்புன்னா 5 மில்லியில 125, இல்ல 250. நான் ஒரு ராத்திரி ட்ராப்ஸ் பாட்டிலை சிரப்புன்னு நெனச்சு மூடியில 5 மில்லி ஊத்திட்டேன். வீட்டுக்காரி லேபிளைப் பார்த்துக் கையைப் பிடிச்சதால தப்பிச்சோம்.

ரிட்டயர்டு சிஸ்டர், குன்னூர்:
தம்பி சொல்றது ரொம்ப சரி. கிலோவுக்கு 10-ல இருந்து 15 மி.கி.ன்னு கணக்கு. எட்டு கிலோவுக்கு ஒரு வேளை 80-ல இருந்து 120 மி.கி. குறைஞ்சது ஆறு மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது. காய்ச்சல்ல ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு மூடாதே. பெரிய பிள்ளைக்கு வாங்கின இருமல் சிரப்பைத் தொடவே தொடாதே.

லைன்வீட்டு அம்மா, கோத்தகிரி:
அக்கா, ராத்திரி எண்ணினப்ப 44, குழி இல்ல. விடியக்காலம் திரும்ப எண்ணினேன், 56. என் எண்ணிக்கை தப்போன்னு அவரையும் எண்ணச் சொன்னேன், 55. முதல் பஸ்ஸுலயே கிளம்பிட்டோம். கால் விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தாங்க, நல்லா இருக்காம். நிமோனியா ஆரம்பம்னு சொல்லி அமாக்சிசிலின் சிரப் அஞ்சு நாளைக்குக் குடுத்திருக்காங்க.

ரிட்டயர்டு சிஸ்டர், குன்னூர்:
நல்ல வேளை கண்ணு. நாளைக்கே தெளிஞ்சு சிரிச்சாலும் அஞ்சு நாளும் முழுசாக் குடு. மூச்சை தினம் எண்ணு. இப்ப பால் எப்படிக் குடிக்கறா?

லைன்வீட்டு அம்மா, கோத்தகிரி:
ரெண்டு பக்கமும் குடிச்சா அக்கா. கணப்பு இனி வாசல்லதான். இப்ப அத்தை பக்கத்துல உட்கார்ந்து மூச்சு எண்ணிட்டு இருக்காங்க, நடுவுல யாரும் பேசக்கூடாதாம்.