பழைய உளிகளில் ஏறிய துருவை வீட்டிலேயே நீக்குவது எப்படி?

கேள்வி (காங்கயம்):
எங்கள் தோட்டத்துச் சாளையில், அப்பாரு பயன்படுத்திய உளிகளும் இழைப்புளித் தகடும் மரம் செதுக்கும் ஒரு வாய்ச்சியும் துருவேறிக் கிடக்கின்றன. பட்டறையில் கொடுத்தால் கிரைண்டரில் பிடித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

பதில் (கோவை):
உங்கள் தயக்கம் சரியானதே. கிரைண்டரில் சூடேறி முனை நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம், அதாவது கடினத்தன்மை, போய்விடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, லிட்டருக்கு 50 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மரப்பிடிகளைக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் முழுவதும் மூழ்க வையுங்கள். அவ்வப்போது எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு கருஞ்சேறாக வழிந்து வரும். அதிக நேரம் ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும் என்பதால், துரு நீங்கியதும் எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, அப்போதே துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஈரம் நின்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மஞ்சள் படலம் மீண்டும் படியும்.

பதில் (பவானி):
மேலோட்டமான துருவுக்குப் புளிக்கரைசலே போதும், பொறுமைதான் வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் புகை அருகிலுள்ள மற்ற இரும்புச் சாமான்களையும் துருவேற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இறுதியாகத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பதில் (கோவை):
சில வாரங்களுக்குப் போதும். நெடுநாள் வைத்தால் அது காறிப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெயே மேல்.