சூரிச் ஆத்தங்கரை ரெட்டை கோபுர சர்ச், உள்ள போகணுமா?

ஊர்சுத்தி:
அடுத்த மாசம் சூரிச்ல ஒரே ஒரு நாள்தான் இருப்போம். எந்த போட்டோ பார்த்தாலும் லிம்மாட் ஆத்தங்கரைல ரெட்டை கோபுரத்தோட கிராஸ்மூன்ஸ்டர் சர்ச் நிக்குது. பாலத்துல நின்னு பார்த்தா போதுமா, இல்ல உள்ள போகணுமா? போயிட்டு வந்த ஃப்ரெண்டு உள்ள ஒண்ணுமே இல்லடா வெறும் சுவருங்கறான்.

பழைய_படிக்கட்டு:
அவர் சொன்னது சரிதான், ஆனா அது சும்மா காலியா கெடக்கல, காலி பண்ணினது. 1519ல சுவிங்லி இங்க பாதிரியாரா வந்து பிரசங்கம் ஆரம்பிச்சாரு, 1524ல படம் சிலை எல்லாத்தையும் எடுத்தாச்சு, 1527ல ஆர்கன்ங்கற பெரிய குழாய் வாத்தியத்தைக்கூட கழட்டிட்டாங்க, அதுக்கப்புறம் திரும்ப ஒரு ஆர்கன் வர 1876 ஆயிடுச்சுன்னா பாத்துக்கோங்க. சுவிஸ் சீர்திருத்தம், அதாவது கத்தோலிக்க சர்ச்சை விட்டு பிரிஞ்ச புராட்டஸ்டன்ட் இயக்கம், அங்க கெளம்பின இடமே இதுதான். இதெல்லாம் தெரிஞ்சுட்டு அந்த வெறும் சுவரைப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

கண்ணாடிப்பைத்தியம்:
யாருங்க ஒண்ணுமே இல்லன்னது?? 2009ல சிக்மார் போல்க்கேங்கற ஜெர்மன் ஓவியர் பண்ணின 12 ஜன்னல் இருக்கு, அதுல 7 ஜன்னல்ல வண்ணக் கண்ணாடிக்கு பதிலா அகேட்ங்கற கோடு போட்ட அலங்காரக் கல்லை மெல்லிசா சீவி ஒட்டியிருப்பாரு. வெளிய இருந்து பார்த்தா ஏதோ கருப்பா மங்கலா தெரியும், அதை நம்பி திரும்பிடாதீங்க. உள்ள வெளிச்சம் பட்டதும் கல்லுக்குள்ள இருக்குற வளையம் வளையமா கோடெல்லாம் செவப்பும் காவியுமா எரியும், நான் ஒரு ஜன்னல் முன்னாடியே அரை மணி நேரம் நின்னேன், கூட வந்தவங்க திட்டினதுதான் மிச்சம். மேகமூட்டமா இருந்தா மட்டும் கொஞ்சம் சுமார்தான்.

முட்டிவலி:
கோபுரம் ஏறலாம், 187 படி, ஆரம்பத்துல ரொம்ப குறுகல், எதுத்தாப்ல ஆள் வந்தா ஒதுங்க இடமில்ல. மேல ஏரி, ஆறு, ஊர் எல்லாம் ஒரே பார்வைல. இன்னொண்ணு, அந்த உச்சி ரெண்டும் அவ்வளவு பழசு இல்ல, 1763ல தீ புடிச்சு எரிஞ்சப்புறம் 1780கள்ல வெச்சது. ஏற முடியலன்னா நிலவறைக்கு இறங்குங்க, மடில வாளோட உக்காந்திருக்குற சார்லமேன்ங்கற பழைய பேரரசரோட சிலை அங்கதான், கோபுரத்துல வெளிய இருக்குறது நகல்.

கண்ணாடிப்பைத்தியம்:
நேரமிருந்தா எதுத்த கரை ஃப்ராவ்மூன்ஸ்டர் சர்ச்சும் பாருங்க, ஓவியர் ஷகால் பண்ணின ஜன்னல்கள், பாலம் தாண்டினா வந்துடும். அதுக்கு டிக்கெட் உண்டு.

ஊர்சுத்தி:
சரி உள்ளயே போறோம். கோபுரம் மட்டும் அம்மாவுக்கு வேணாம், அவங்க கீழ கல்லு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கட்டும்.